இரண்டு முடிச்சுக் கயிறு

போன வாரம் அப்துல் வாஹிதை அவர் வீட்டு வாசலில், ஒரு கையில் ரம்பமும் மறு கையில் ப்ளைவுட் பலகையுமாக நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து அறுக்க ஆரம்பிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பாவம், அவர் ஜவுளிக்காரர். துணியைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நேராகக் கிழித்துத் தருவார். மரம் அவருக்குப் புதுசு.

விஷயம் இதுதான். மனைவி பாத்திமுத்து குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்காகப் படுத்துக் கிடக்கிறாள். கொஞ்சம் நிற்கலாம், நாலு எட்டு நடக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுக்கலாம். உட்கார மட்டும் கூடாது. மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் அப்சானாவுக்கு நாளை ஏழாம் மாதப் பூ முடிக்கிறார்கள். தலைப்பிள்ளை. முதல் பூவைத் தாய் கையால்தான் வைக்கவேண்டும்.

"ஆம்புலன்ஸ் பிடிச்சுருவோம்மா" என்று மகன் ஹாரூன் சொன்னபோது பாத்திமுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூ வைக்கப் போறவ ஆம்புலன்ஸ்லயா போய் இறங்குவா? நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட வாஹித் தாங்கியிருப்பார். அவள் பேசாமல் கிடந்ததுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

நேற்று டாக்டருக்குப் போன் போட்டு, வாசலில் நின்று நெடுநேரம் கெஞ்சினார். மேடு பள்ளம் இல்லாத பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்து, குலுங்காமல் போவதென்றால் போகலாம் என்று கடைசியில் டாக்டர் இறங்கிவந்தார். போனை வைத்த வாஹித் தன் பழைய காரைப் பார்த்தார். அந்தக் காருக்குப் பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. கூரை கடைசிவரை ஓடும், பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். ஸ்டேஷன் வேகன் என்று சொல்லி விற்ற வண்டி. கழுகுமலை, கடம்பூர் என்று சேலை மூட்டை ஏற்றியே கிழடாகிவிட்டது.

பின்சீட்டில் இரண்டு பேர் இடத்தை மடக்கினால் ஒரு ஆள் படுக்கிற நீளம் கிடைக்கும். மூன்றாவது ஆள் இடம் தனியாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் மடக்கின சீட் ஒரு மேடு, டிக்கி ஒரு பள்ளம். நடுவில் முக்கால் சாண் படி. மூட்டைக்கு அது போதும், முதுகுக்கு ஆகாது. அந்தப் பள்ளத்தை மேட்டோடு சமமாக்கப்போகிற பலகைதான் இப்போது அவர் கையில் இருப்பது.

இதைப் பற்றிப் பாத்திமுத்துவிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பனும் மகனும் பேசிவைத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை 'மகளைப் பாக்கப் போயிருவோம்' என்று ஆசைகாட்டி, இரண்டு தடவையும் நடக்கவில்லை. இன்னொரு தடவை ஏமாந்தால் அவள் தாங்கமாட்டாள். பலகை முதலில் நின்று காட்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் அவள் அசந்து தூங்கும்போதே அளவு எடுத்தாகிவிட்டது. கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும் மனிதர், அன்றைக்கென்று ஒரு சணல் கயிற்றைத் தேடி எடுத்தார். தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு. பூனைபோல நடந்து வெளியே வந்து கயிற்றைச் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டார். பிறகு, பலகைமேல் விரிக்கப்போகும் பஞ்சு மெத்தைக்கு உறை தைக்க வெள்ளைத் துணியைக் கூடத்தில் விரித்து அளந்து வெட்டினார். அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. பாத்திமுத்து கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"அத்தா, அறுக்கதுக்கு முன்னால கோடு போட்டீங்களா?" ஹாரூன் கேட்டான். நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். ஸ்பானர் பிடித்த கை ரம்பத்தையும் பிடிக்கும் என்பது அவன் நினைப்பு.

"துணிக்குக் கோடு போட்டா கிழிக்கேன்?"

"இது துணி இல்ல அத்தா. தப்பா அறுத்தா ஒட்டுப் போட முடியாது."

கோடு போட்டார்கள். கயிற்றின் முடிச்சுக்கு முடிச்சு வைத்து, மேலே ஒரு விரற்கடை தள்ளி.

"காரை அளக்காம அம்மாவை அளந்து அறுக்குதீங்களே, இது சரியா வருமா?"

"படுக்கப் போறது காரா, உங்கம்மாவா?"

ஹாரூன் பலகையை அழுத்திப் பிடித்தான். அறுத்தார்கள். பலகையை நடுவில் இரண்டாக்கி, கீல் வைத்து மடக்கும்படி செய்தார்கள். அடியில் இருக்கும் ஸ்டெப்னியை எடுக்கவேண்டி வந்தால் பின்பாதியை மட்டும் தூக்கிவிடலாம். அது ஹாரூனின் யோசனை. பலகைக்கு அடியில் ரீப்பர் கட்டைகளால் சட்டம் அடித்து, டிக்கிப் பக்கம் உயரமான கால்களும் சீட் பக்கம் குட்டைக் கால்களும் வைத்தார்கள். வாஹித் சுத்தியலால் தன் கட்டைவிரலை ஒரு தடவை அடித்துக்கொண்டார். கத்த முடியுமா? அறையில் பாத்திமுத்து இருக்கிறாளே! வாயைப் பொத்திக்கொண்டு வாசலை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

எல்லாம் முடிந்து பலகையைக் காருக்குள் ஏற்றிப் பின்கதவை இறக்கினால், கதவு மூடமாட்டேன் என்றது. பலகை இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"நான் சரியாத்தாம்லே அளந்தேன்." வாஹிதுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இத்தனை வருசமா அளக்குத கை. ஒரு விரக்கடை கூடப் போட்டது உள்ளதுதான். மிச்சம் எங்கேயிருந்து வந்துச்சு?"

எங்கேயிருந்து வந்தது என்பது அப்போது தெரியவில்லை. நீட்டியதை அறுத்தெறிந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வாஹித் ஒரு எலுமிச்சம்பழத்தை அதன்மேல் வைத்தார். அது உருண்டு ஓடிச் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவர் முகம் சுண்டிப்போனது.

"அத்தா, நம்ம தெருவே சாஞ்சு கெடக்கு. கரிசல் மண்ணுல சுவரே நேரா நிக்க மாட்டேங்குது, எலுமிச்சம்பழம் எப்படி நிக்கும்? பெட்ரோல் பங்க்குல போய் நிறுத்திப் பாப்போம். அங்கன தளம் மட்டமா இருக்கும்."

பங்க்கில் எலுமிச்சம்பழம் சொன்ன பேச்சைக் கேட்டு வைத்த இடத்தில் இருந்தது. வாஹித் அதை எடுத்து முகர்ந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏலே, நான் ஏறிப் படுக்குதேன். நீ எட்டயபுரம் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டு. எனக்கு வலிக்காட்டி அவளுக்கும் வலிக்காது."

"உங்களுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகலியே அத்தா."

"எனக்கு வயசாச்சுல்லா. ரெண்டும் ஒண்ணுதான்."

வெள்ளை உறை போட்ட மெத்தையில் வாஹித் நீட்டி நிமிர்ந்து படுத்தார். நல்ல பஞ்சு, முதுகுக்கு இதமாக இருந்தது. வண்டி கிளம்பியது. முதல் வேகத்தடையில் சட்டம் 'கிறீச்' என்றது. இரண்டாவதில் அந்தச் சத்தமும் இல்லை. டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, வாஹித் அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு? காலையில நல்லாத்தான இருந்தாவ!" என்று அலறினார். ஹாரூன் நிறுத்தவில்லை.

வாஹிதுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மேலே பார்த்தார். காரின் கூரைத் துணி தெரிந்தது. ஜன்னல் வழியே கரண்டுக் கம்பிகளும் மரத்தின் உச்சிகளும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. ரோடு தெரியவில்லை, மனிதர்கள் தெரியவில்லை. இப்படித்தானே அவள் மாதக்கணக்காகக் கிடக்கிறாள் என்று நினைத்தார். அவளுக்கு இந்தக் கம்பியும் மரமும்கூடக் கிடையாது. வெறும் கூரையும் மின்விசிறியும்தான்.

அப்போதுதான் போன் வந்தது. பக்கத்து வீட்டுச் சுந்தரேஸ்வரி. தினமும் மத்தியானம் வந்து பாத்திமுத்துவுக்குத் தலைவாரி விட்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகிறவள்.

"அண்ணாச்சி, எங்கன இருக்கீங்க? மதினி ஒரு மாதிரி பேசுதாவ, எனக்குப் பயமா இருக்கு."

"என்னம்மா? வலி கூடிருச்சா?"

"வலி எல்லாம் இல்ல. அலமாரிச் சாவியை எடுத்து என் கையில குடுத்து, 'உள்ள இருக்க சங்கிலி அப்சானா பிள்ளைக்கு, மறந்துராத'ங்காவ. 'நான் ஏதாவது மனசு நோவப் பேசியிருந்தா பொறுத்துக்கோ'ங்காவ. நான் என்னத்தைப் பொறுக்க? அழவும் மாட்டேங்காவ. சிரிச்சிக்கிட்டே சொல்லுதாவ."

"எப்பயிருந்து இப்படி?"

"காலையிலயிருந்தே இப்படித்தானாம். 'அவிய கயித்தை எடுத்துட்டு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு'ன்னு சொன்னாவ. என்ன கயிறு அண்ணாச்சி?"

வாஹிதின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், சுருட்டி வைத்திருந்த சணல் கயிற்றை வெளியே எடுத்தது. தலைமாட்டு முடிச்சும் கால்மாட்டு முடிச்சும் அவர் முகத்துக்கு மேலே தொங்கின.

ஊரில் யாராவது மவுத்தானால், உடலைப் போர்த்தி அடக்கம் செய்யும் வெள்ளைக் கபன் துணி வாஹித் கடையிலிருந்துதான் போகும். அதற்கு அவர் விலை வாங்குவதில்லை. துணியைக் கொடுப்பதோடு நிற்காமல் அந்த வீட்டுக்கே போய், மய்யித்தைத் தலையிலிருந்து கால்வரை கயிற்றால் அளந்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கயிற்றை வைத்துத்தான் கபர்க் குழி வெட்டுவார்கள், குழியை மூடப் பலகையும் அறுப்பார்கள். நிற்கிறவர்களை அளக்கக் கழுத்தில் டேப். படுத்திருப்பவர்களை அளக்கக் கயிறு. இத்தனை வருடப் பழக்கத்தில் படுத்திருப்பவளைப் பார்த்ததும் அவர் கை கயிற்றுக்குப் போய்விட்டது. அவர் யோசிக்கவே இல்லை.

கயிறு. அப்புறம் வெள்ளைத் துணி. அப்புறம் வாசலில் பலகை அறுக்கிற சத்தம்.

"யா அல்லாஹ்!" எழுந்து உட்காரப் போய்த் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். "ஏலே ஹாரூன், வண்டியைத் திருப்புலே! வீட்டுக்குத் திருப்பு!"

அறைக்குள் பாத்திமுத்து மல்லாந்து படுத்திருந்தாள். சுந்தரேஸ்வரி வாரிவிட்ட தலை, துவைத்த சேலை, நெஞ்சின்மேல் கோத்துவைத்த கைகள். வாஹித் மூச்சிரைக்க உள்ளே வந்ததைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். சுந்தரேஸ்வரி மெல்ல வெளியே போய்விட்டாள்.

"ஏட்டி, காலையில நீ முழிச்சா கெடந்த?"

"டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க. நேத்து வாசல்ல போய் நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் பேசுனீங்களே."

"மட்டமான பலகையில படுக்க வச்சா மேலப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னாரு. நான் காருக்குள்ள பலகை அடிக்கேன், பாத்திமுத்து. உன் மகளுக்கு நீ பூ வைக்கதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

பாத்திமுத்து அவரைப் பார்த்தாள். அவர் கையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். கட்டைவிரலில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"அப்ப அந்த வெள்ளைத் துணி?"

"மெத்தை உறை."

"மெத்தை உறைக்குப் பூப்போட்ட துணி உங்க கடையில இல்லையா?"

"இருந்துச்சு. கைக்கு வந்ததை எடுத்துட்டேன்."

"கயிறு?"

வாஹித் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, தலையை அவள் கைமேல் வைத்துக்கொண்டார்.

"முழிச்சுத்தான் கெடந்தியே, அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கண்ணைத் தொறந்தா நீங்க உடைஞ்சு போயிருவீங்கன்னு பாத்தேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கயித்தைப் பிடிச்சீங்க. நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." பாத்திமுத்து அவர் தலைமுடியைக் கோதிவிட்டாள். "அளவு குறைஞ்சிரக் கூடாதேன்னு காலை வேற நல்லா நீட்டிக் குடுத்தேன்."

வாஹித் தலையை நிமிர்த்தினார். கண்ணில் நீர் அப்படியே இருக்க, வாய் மட்டும் திறந்துகொண்டது.

"ஏலே ஹாரூன்! பலகை எப்படி நீளமாச்சுன்னு தெரிஞ்சு போச்சுலே!"

கதவோரம் நின்றிருந்த ஹாரூன்தான் முதலில் சிரித்தான். பிறகு பாத்திமுத்து. சிரித்தால் முதுகு வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை அது. வாஹித் அதை நிறுத்தச் சொல்லவில்லை. கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு, ஹாரூன் ஒரு பக்கமும் சுந்தரேஸ்வரி மறுபக்கமும் தாங்க, பாத்திமுத்து நடந்தே வாசலுக்கு வந்தாள். பின்கதவு தூக்கியிருந்தது. பலகையின் விளிம்பில் சாய்ந்து, மெல்லப் பக்கவாட்டில் படுத்து, உள்ளே நகர்ந்து, மல்லாந்து நிமிர்ந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"வலிக்கா?" வாஹித் கேட்டார்.

"இல்ல." ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினாள்: "வானம் தெரியுது."

வாஹித் பலகையின் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற அந்த ஒற்றை சீட்டைத் தட்டிக் காட்டினார். "நான் உன் தலைமாட்டுல இதுல உக்காந்துக்கிடுவேன். மேடு பள்ளம் வந்தா தோளைப் பிடிச்சுக்கிடுவேன். ஹாரூன் ஓட்டுவான்."

"என்னங்க." அவள் குரல் தயங்கியது. "மத்தியானம் இன்னொரு காரியமும் பண்ணிட்டேன். கோவப்படாதீங்க. போறதுக்கு முன்னால எல்லார்கிட்டயும் பொறுத்துக்கிடச் சொல்லணும்லா? அதான் கடம்பூருக்குப் போன் போட்டேன்."

வாஹிதின் முகம் மாறியது. கடம்பூரில் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான், அண்ணன் பிச்சை முகம்மது. அப்சானாவைத் தன் மகனுக்குத்தான் கட்டித் தருவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர். வாஹித் மேலப்பாளையத்தில் கொடுத்தார். அந்த நிக்காஹ் அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்து போன மனிதர் இந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை.

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. நான் பேசுனதைக் கேட்டுட்டு வச்சுட்டாவ."

சொல்லி வாய் மூடுவதற்குள் தெருமுனையில் ஆட்டோ ஒன்று திரும்பி, வாசலில் வந்து நின்றது. பிச்சை முகம்மது இறங்கினார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. திறந்த பின்கதவைப் பார்த்தார். உள்ளே பலகை, வெள்ளைத் துணி, அதன்மேல் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் தங்கை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, நான் வாரதுக்குள்ள போயிட்டியே ஆத்தா!" என்று தெருவே திரும்பிப் பார்க்க அழுதார்.

"அண்ணே, நான் இருக்கேன்" என்றாள் பாத்திமுத்து காருக்குள்ளிருந்து.

பிச்சை முகம்மது பாதி அழுகையில் நின்றார். தங்கை கையை நீட்டினாள். அவர் கிட்டே வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார், முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஹாரூன் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கையை விடவே இல்லை. வாஹித் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"அண்ணே" என்றாள் பாத்திமுத்து. "நாளைக்கு அப்சானாவுக்குப் பூ முடிக்கப் போறோம். தாய்மாமன் இல்லாமப் போனா அவ முகம் தெளியுமா?"

பிச்சை முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அடியில் இருந்த கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இது மேலப்பாளையம் வரைக்கும் தாங்குமா?"

நிக்காஹ் அன்றைக்கு அறுந்துபோன பேச்சு அது. இப்படி ஒரு நாள் வந்தால் என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று வாஹித் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவைத்திருந்தார். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார். முன்சீட்டைப் பார்த்தார். பலகைக்கு இடம் வேண்டுமென்று அதை முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். பரவாயில்லை என்று முடிவு செய்தார்.

"பலகை தாங்கும் மச்சான். ஆனா தலைமாட்டுல ஒரு ஆள் உக்காந்து அவளைப் பிடிச்சுக்கிடணும். அந்த இடம் காலியாத்தான் இருக்கு."

பிச்சை முகம்மது அந்த ஒற்றை சீட்டைப் பார்த்தார். போகப்போவது எந்த வீட்டுக்கு என்பது அவருக்குத் தெரியும். தன் மகனுக்கென்று அவர் நினைத்திருந்த பெண் வாழப்போன வீடு. அங்கே பெண்ணின் தாய்மாமனாகப் போய் உட்காரவேண்டும், சிரிக்கவேண்டும், சோறு சாப்பிடவேண்டும். பாத்திமுத்து அவர் விரலை இன்னும் விடவில்லை.

அவர் அந்த ஒற்றை சீட்டில் ஏறி உட்காரச் செருப்பைக் கழற்றினார்.